சத்தத்தைச் சலவை செய்பவன்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, சண்டை போடும் அளவுக்குத் திடமாகவே இருக்கிறோம். உன் காதுகள் எப்படி இருக்கின்றன? மற்ற உறுப்புகளைப் பிறகு விசாரிக்கிறேன். உனக்குச் சோறு போடுவது காதுதானே.

"போன்ல பேசினா ஆகாதா? இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா?" என்று அத்தான் கேட்டார். "அவன் பகல் முழுக்க காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். வீட்டுக்கு வந்தா காதுக்கு லீவு விடணுமாம்" என்றேன். "நீ போன் பண்ணினா அவனுக்கு ஓவர்டைம்னு சொல்லு" என்று சொல்லி, தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான்தான் தனியாளாகச் சமாளிக்கிறேன்.

நம் கொக்கு அந்தப் பெரிய கால்பந்து கிளப்பில் கோல்கீப்பராகச் சேர்ந்த பிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. உன் மருமகன் போனில் என்ன பேசுகிறான் தெரியுமா? "சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா, வெக்கிறேம்மா." பெற்றவளுக்கு இவ்வளவுதான் ரேஷன். ஆனால் ஞாயிறு சாயங்காலம் உங்கள் சேனலில் மேட்ச் போடும்போது அவன் குரலை வயிறு நிறையக் கேட்கிறேன். "பின்னாடி ஆளு வர்றான்! இடது பக்கம் பாரு! விடாத, விடாத!" அத்தான் பந்தைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு மகனைக் கேட்பேன். யார் ஜெயித்தார்கள் என்பதைப் பிறகு அத்தானிடம் விசாரித்துக்கொள்வேன்.

ஆமாம், உன் வேலைதான் என்ன? கேட்பவர்களிடம் "தம்பி டிவியில இருக்கான்" என்கிறேன். "எந்த சீரியல்ல?" என்கிறார்கள். ஒரே வரியில் புரிகிற மாதிரி எழுது.

உன் மனைவிக்கு என் அன்பு. கழுத்து வலிக்கு அவளிடம் தலையணையை மாற்றச் சொல். உன் கழுத்தைச் சொன்னேன்.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

காதுகள் சௌக்கியம். கழுத்துதான் நாற்காலியோடு ஒத்துப்போக மறுக்கிறது. தலையணை மாற்றியாகிவிட்டது. பழைய தலையணையை இப்போது அவள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். அங்கே அத்தானின் சிரிப்பைத் தவிர வேறு நோய் நொடி எதுவும் இல்லையே?

ஒரே வரியில் சொல்வதானால், நான் சலவைக்காரன். சத்தத்தைச் சலவை செய்கிறேன்.

மேட்ச் மதியம் நடக்கிறது. நாங்கள் சாயங்காலம் போடுகிறோம். நடுவில் மைதானத்துச் சத்தம் முழுவதும் என் மேசைக்கு வந்து விழுகிறது. கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் அதைப் படமாக்கிக் காட்டும். நீ நம்பமாட்டாய், சத்தத்தைக் கண்ணால் பார்க்கலாம். வர்ணனையாளரின் பேச்சு ஒழுங்காக மடித்து வைத்த சேலைபோல வரி வரியாகத் தெரியும். கூட்டத்தின் இரைச்சல் அதன்மேல் குழம்பு கொட்டியதுபோல ஊறிப் பரவியிருக்கும். அந்தக் கறையில் ஒரு துண்டைக் குறித்துக் கொடுத்து, "இதுதான் வேண்டாத சத்தம், இந்த மாதிரி இருப்பதை எல்லாம் எடு" என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாமியார் பேச்சைக் கேட்கும் புது மருமகள் மாதிரி முதலில் தலையாட்டும். பிறகு எதை எடுக்கும், எதை விடும் என்பது அதன் இஷ்டம்.

வேண்டாத சத்தம் என்றால் என்ன என்று கேட்பாய். முக்கியமாகக் கெட்ட வார்த்தைகள். குடும்பத்தோடு பார்க்கிற நேரமாம். நாள் முழுக்க அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எடுக்கிறேன். இந்த ஊரிலேயே அதிகக் கெட்ட வார்த்தை தெரிந்த யோக்கியன் உன் தம்பிதான். அப்புறம் ஒரு ஆள் தவறாமல் ஊதுகுழலோடு வருகிறான். அவனை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் பழிவாங்க நினைக்கிறேன். எங்கள் வர்ணனையாளர் வேறு, பந்து கோல் பக்கம் போகும்போதெல்லாம் பதற்றத்தில் தண்ணீர் குடிக்கிறார். மடக் மடக் என்ற அந்தச் சத்தத்தை எடுக்காவிட்டால், பார்க்கிறவர்களுக்குத் தாகம் எடுத்துவிடும்.

கொக்கு நன்றாக ஆடுகிறான். அவன் தொண்டையும் பிரமாதம், படத்தில் நெருப்புக் கொழுந்து மாதிரி நிற்கிறது. அத்தானுக்கு என் வணக்கங்கள்.

தம்பி

*

ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு பார்த்தோம். பந்து மெதுவாக உருண்டு வந்தது. குழந்தை தவழ்ந்து வருகிற மாதிரிதான் வந்தது. அது இவன் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டதே! கோப்பையும் அதோடு போய்விட்டது என்று அத்தான் சொன்னார். சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். அணைத்த டிவியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எனக்குக் கோப்பையைப் பற்றிக் கவலையில்லை, வீட்டில் பாத்திரம் நிறைய இருக்கிறது. பிள்ளை எப்படி இருக்கிறான்? போன் செய்தால் "தூங்கப் போறேம்மா" என்றான். அப்போது மதியம்.

நீதான் எல்லாச் சத்தத்தையும் கேட்கிறவன். அங்கே ஜனங்கள் அவனை ஏதாவது சொன்னார்களா? மறைக்காமல் எழுது.

அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் வீட்டுக்காரியும் நலம். உன் முட்டிவலிக்கு அந்த எண்ணெய் போடுகிறாயா, இல்லை அலமாரிக்கு அழகாக வைத்திருக்கிறாயா?

ஜனங்களுக்கு ஆயிரம் வேலை. சிலர் அன்றைக்கு முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். எந்தக் கோல்கீப்பருக்கும் நடப்பதுதானே. கொக்குவிடம் பேசினேன், நன்றாக இருக்கிறான்.

இங்கே ஒரே கூத்து. எங்கள் மேலாளர் தலைமுடிக்குச் சாயம் பூசியிருக்கிறார். ஏசியில் அது காயாமல் காலரில் இறங்குகிறது. யார் சொல்வது என்று அலுவலகமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். எனக்குப் புது நாற்காலி வந்தது. பழையதைவிட மோசம், ஆனால் சுழலும். வேலை மட்டும் இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது. துணி முன்பைவிட அழுக்காக வருகிறது. ஒளிபரப்பு தொடங்கும் நிமிஷம் வரை துவைக்க வேண்டியிருக்கிறது.

தம்பி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள தம்பிக்கு,

எண்ணெய் போடுகிறேன். முட்டி வழவழப்பாக வலிக்கிறது. நீ எப்படி? மேலாளரின் காலர் எப்படி?

கேட்க வேண்டிய ஒரு சந்தோஷம். நீ எழுதியது சரிதான், ஜனங்கள் எவ்வளவு நல்லவர்கள்! பந்து வேறு யாரிடம் போனாலும் கத்துகிறார்கள். நம் கொக்கு பந்தைத் தொட்டால் மட்டும் மைதானமே பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம்போல அமைதியாகிவிடுகிறது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்களே என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "பாத்தீங்களா, உங்க பிள்ளைக்கு என்ன மரியாதை!" என்று அத்தானிடம் சொன்னேன். அவர் "ம்" என்றார். பொறாமை.

ஆனால் ஒன்று நெஞ்சை அறுக்கிறது. அவன் குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறான், கையை ஆட்டுகிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. முதலில் டிவி ரிப்பேர் என்று நினைத்துத் தட்டினேன். மற்ற பையன்கள் பேசுவது கேட்கிறது. ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம், வாராவாரம் இப்படி என்றால்? போனிலும் இப்போது ஈனஸ்வரத்தில்தான் பேசுகிறான். பிறந்தபோது அவன் போட்ட சத்தத்தில் நர்ஸ் பஞ்சைக் கீழே போட்டாள். அந்தப் பிள்ளைக்குத் தொண்டையில் என்ன வந்தது? என்னிடம் மறைக்கிறானோ?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் டிவிக்கு முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்கிறேன். எழுந்திருக்கும்போது வெறுங்கையோடு எழுந்திருக்கிற மாதிரி இருக்கிறது. உடனே பதில் போடு.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துவிடு. நாங்கள் நலம்.

கொக்குவின் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் வைக்கிற மைக்கை மாற்றியிருக்கிறார்கள். புதுசு, சரியாக எடுக்கவில்லை. வேறொன்றுமில்லை. நீ வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. சீக்கிரம் சரியாகிவிடும். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ எழுதும் கடிதத்தில் குறைந்தது ஒருவரையாவது கிண்டல் செய்வாய். இதில் யாரையும் செய்யவில்லை. அப்படியானால் விஷயம் பெரிசு. என் காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு கைப்பழக்கம் வேண்டும் தம்பி, உனக்கு அது போதாது.

நீ சொல்லமாட்டாய், அவனும் சொல்லமாட்டான். அதனால் நானே அவன் கோச்சுக்கு எழுதிவிட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன்: "ஐயா, என் மகன் கூச்ச சுபாவம் உள்ளவன். கோல் போஸ்ட்டில் நின்று கத்த முடியாமல் தொண்டை கெட்டிருக்கிறது. வாயசைப்பு மட்டும்தான் வருகிறது, சத்தம் வரவில்லை. உங்களிடம் சொன்னால் டீமில் இருந்து எடுத்துவிடுவீர்களோ என்று பயந்து மறைக்கிறான் என நினைக்கிறேன். தயவுசெய்து நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள். இப்படிக்கு அவன் அம்மா."

அத்தானிடம் காட்டாமல் நானே போய்த் தபாலில் போட்டேன். போட்ட பிறகுதான் சரியாகச் சாப்பிட்டேன்.

அக்கா

*

செப்டம்பர் 19

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. நீ ஏன் பதில் போடவில்லை?

கோச் எனக்குப் பதில் எழுதிவிட்டார். நன்றி சொல்லியிருக்கிறார். எனக்கு நன்றி! அவருக்கும் கொஞ்ச நாளாகச் சந்தேகமாம். இவன் சொல்வது முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கேட்பதே இல்லையாம், கேட்டால் "கத்தினேன் சார்" என்கிறானாம். என் கடிதம் பார்த்த பிறகு எல்லாம் விளங்கிவிட்டதாம். குரல் இல்லாத கோல்கீப்பர் கண் இல்லாத டிரைவர் மாதிரி என்று எழுதியிருக்கிறார். டாக்டர் சான்று தரும் வரை இவனை உட்கார வைத்துவிட்டு, வேறொரு பையனை நிறுத்தியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தும் கோச் நம்பவில்லையாம். அடுத்த வருஷத்துக்கு யாரை வைத்துக்கொள்வது என்று கிளப்பில் முடிவு செய்யப்போகிற நேரமாம் இது.

கொக்கு போன் செய்தான். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க?" என்றான். குரல் கணீரென்று வந்தது. அவ்வளவுதான், வைத்துவிட்டான். அந்தக் குரலைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தொண்டை நன்றாக இருக்கிறதென்றால் டிவியில் ஏன் வரவில்லை? மைக் கதையை மறுபடி சொல்லாதே. என் பிள்ளை பிழைப்பில் நான் மண்ணைப் போட்டுவிட்டேனா? எழுது.

அக்கா

*

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை என்று எழுதத்தான் நியாயம். ஆனால் உடம்பு கூச்சமில்லாமல் நன்றாகவே இருக்கிறது.

மண்ணைப் போட்டது நீ இல்லை, நான். அந்தப் பந்து நழுவிய நாளிலிருந்து கொக்கு பந்தைத் தொட்டால் அவன் கிளப் ரசிகர்களே ஊளையிடுகிறார்கள். "ஓட்டை! ஓட்டை!" என்று மைதானம் முழுக்கச் சேர்ந்து கத்துகிறார்கள். முதல் வாரம் அதைக் கேட்டபோது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். பிறகு மாட்டிக்கொண்டு, துடைத்தேன். கெட்ட வார்த்தையை மட்டும் எடுப்பதுதான் எனக்கு விதித்த வேலை. இது கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் ஞாயிறு சாயங்காலம் நீ கண்ணை மூடி உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும் அக்கா.

சனியன், அவர்கள் ஊளையிடும் அதே நொடியில்தான் இவனும் கத்துகிறான். பந்து வரும்போதுதானே இரண்டும்? கோலுக்குப் பின்னாலிருக்கும் ஒரே மைக்கில் இரண்டும் பின்னிக்கொண்டு வருகின்றன. கூட்டத்தை எடுத்தால் இவனும் கூடவே போனான். போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கோல்கீப்பர் கத்துவதை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீ தேடுவதாக எழுதிய பிறகும் மைக் மேல் பழியைப் போட்டேன். பாவம், அந்த மைக் எனக்கு எந்தக் கெடுதலும் செய்ததில்லை.

நீ பெருமைப்பட்ட அந்த மரியாதை என் கைவேலை.

உன் கடைசிக் கடிதம் வந்ததும் லீவு போட்டேன். துடைக்காத பழைய ஒலியை எடுத்து, இந்தத் தடவை மென்பொருளின் பேச்சைக் கேட்காமல் அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் கையாலேயே கூட்டத்தைப் பொறுக்கி எடுத்தேன். கொக்குவின் குரல் மட்டும் மிஞ்சியது. அதையும் அசலையும் எடுத்துக்கொண்டு அவன் ஊருக்கு பஸ் ஏறினேன்.

கோச்சின் அறையில் உட்கார இடமில்லை, பந்து மூட்டைகள். நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். அது உருண்டது. கண்ணியமாக அறிமுகமாகலாம் என்ற திட்டம் அதோடு போயிற்று. கொக்குவின் மாமா என்று மட்டும் சொன்னேன். "அந்த லெட்டர் எழுதின அம்மாவோட தம்பிங்களா?" என்றார். உன் புகழ் பரவியிருக்கிறது. விஷயத்தைச் சொல்லி, முதலில் அசலை அவர் காதில் மாட்டினேன். முகம் சுளித்தார். "இதை நான் வாராவாரம் நேர்லயே கேக்குறேனே" என்றார். அப்புறம் கொக்குவின் குரலை மட்டும் போட்டேன்.  மறுபடி போடச் சொன்னார். தன் பழைய நோட்டை எடுத்து, கோல் விழுந்த நேரங்களோடு ஒத்துப் பார்த்தார்.

"வலது பக்கம்னு சொல்லியிருக்கான்" என்றார். "மூணு தடவை சொல்லியிருக்கான். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், எனக்கே கேக்கல."

"உங்க பசங்களுக்கும் கேக்கலை சார்" என்றேன். "கேக்க விட்டாத்தானே?"

"அப்ப இவன் ஏன் என்கிட்ட சண்டை போடல? கத்தினேன்னு ஒரு வார்த்தையோட நிறுத்திட்டான்."

"எங்க குடும்பத்துல போன்ல கூட அவ்வளவுதான் பேசுவான் சார்."

ஆளனுப்பி அவனை வரவழைத்தார். கொக்கு உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டான். "மாமா, அம்மாவுக்கு ஏதாவது…?" என்றான். இல்லையடா என்று காரணத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க துடைக்கிறதை நிறுத்தாதீங்க மாமா. இங்க யாரு என்ன சொன்னாலும் நான் நின்னுடுவேன். அம்மா கேக்குறான்னு தெரிஞ்சா கால் நடுங்கும்" என்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் கேட்டான். நான் சத்தியம் செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பக்கம் ஆடியது என்று அவனுக்கு விளங்கியிருக்காது.

வரும் ஞாயிறு மறுபடி அவன்தான் நிற்கிறான். சைகை வைத்து விளையாடப் பழக்கப்போவதாகக் கோச் சொன்னார். மேலாளரிடமும் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். காலரைத் துடைத்துக்கொண்டே, "கெட்ட வார்த்தையை மட்டும் எடுய்யா, மிச்சம் விளையாட்டு" என்றார். ஆக, இந்த ஞாயிறு நான் ஊளையைத் தொடப்போவதில்லை. கொக்குவின் குரல் வரும், அதோடு மற்றதும் வரும். டிவியைப் போடுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். போட்டால் அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் கோபத்துக்குப் பயந்தபடி,
தம்பி

*

அக்டோபர் 7

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் நலம். முட்டிவலி இருக்கிறது, அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கும் தெரியுமா?" என்றேன். பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை நான் எழுந்திருக்கும் முன்பே உருவிவிடுவாராம். மூன்று மாதமாகப் பக்கம் குறைகிறதென்று அந்தப் பேப்பர்காரனை நான் வாசலில் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். அவனும் பொறுத்துக்கொண்டு போயிருக்கிறான். மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து எனக்கு ஒரு தனி மைதானமே கட்டியிருக்கிறீர்கள். உன் மேல் கோபம் இருக்கிறது. அதை இந்தக் கடிதத்தில் எழுதினால் தபால் செலவு தாங்காது, நேரில் வரும்போது வாங்கிக்கொள்.

ஞாயிறு டிவியைப் போட்டேன். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

கேட்டேன் தம்பி. முதல் தடவை அவன் பந்தைத் தொட்டதும் வந்தது பார், அந்த ஊளை, அத்தான் ரிமோட்டைத் தேடினார். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பேர், ஒரே மூச்சாக, என் பிள்ளையைப் பார்த்து. ரிமோட்டை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்புறம் அதற்கு அடியிலிருந்து ஒரு குரல். "இடது! இடது! நான் இருக்கேன், விடு!" நடுங்கவே இல்லை. அத்தனை பேர் கத்தியும் அவன் ஒருவன் நிறுத்தவில்லை. அடுத்த பந்துக்கும் கத்தினான், அதற்கடுத்த பந்துக்கும் கத்தினான். ஒன்றை விட்டான், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி கத்தினான். நீ துடைத்துத் துடைத்துக் கொடுத்த மரியாதையில் நான் இதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இரவு அவனே போன் செய்தான். "மேட்ச் பாத்தியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டான். "பாத்தேன். தொண்டை நல்லா இருக்குடா" என்றேன்.  பிறகு கோச் அடுத்த வாரமும் அவனையே நிறுத்துகிறார் என்று சொன்னான். எப்படிப் பாய்ந்தான், பந்து எப்படி வளைந்தது, எதிர்க் கட்சி ஆள் எப்படி ஏமாந்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன் சூடாகிற வரை கேட்டேன்.

கடைசிப் பத்து நிமிஷம் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வாயை மூடுங்கடா! நீங்க வந்து நில்லுங்கடா பாக்கலாம்! கொக்கு, நீ கத்துடா!" என்று ஆரம்பித்தவள், உன் மேசைக்கு வந்தால் நீ எடுக்க வேண்டிய வார்த்தைகள் வரை போய்விட்டேன். அத்தான் கதவைச் சாத்தினார். அப்படியும் மாடி வீட்டுப் பெண் இறங்கி வந்துவிட்டாள். குழந்தை தூங்குகிறதாம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றாள்.

"டிவியையா?" என்றேன்.

"டிவி இருக்கட்டும்க்கா" என்றாள்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா